நீதிபதி கேட்டது கேள்வி, நீங்கள் போட்டது உத்தரவு

கேள்வி: ஐயா, வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் உள்ளூர்ச் செய்திகளுக்காக ஒரு யூடியூப் சேனலும் ஃபேஸ்புக் பக்கமும் நடத்துகிறேன். வயது 27. சட்டம் படித்தவன் இல்லை. வாரத்தில் 2 நாள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கும், மற்ற நாட்களில் எங்கள் மாவட்ட நீதிமன்றத்துக்கும் போய் வருகிறேன். போன மாதம் எங்கள் ஊர்க் கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்கில் நீதிபதி, "கண்மாயில் கடை கட்டும்வரை அதிகாரிகள் தூங்கிக்கொண்டு இருந்தீர்களா? நாளைக்கே இடித்தால் என்ன?" என்று கேட்டார். நான் உடனே வராண்டாவுக்கு வந்து, "கண்மாய்க் கடைகளை உடனே இடிக்க ஐகோர்ட் அதிரடி உத்தரவு" என்று கார்டு போட்டேன். கடைக்காரர் ஒருவரின் படத்தையும் பெயரையும் "ஆக்கிரமிப்பாளர்" என்று அதில் சேர்த்திருந்தேன். மாலையில் பார்த்தால், எதிர்மனுதாரர்களுக்கு நோட்டீஸ், 3 வாரத்தில் பதில் மனு, அவ்வளவுதான் உத்தரவு. இப்போது அந்தக் கடைக்காரரின் வக்கீல் அவமதிப்பு, அவதூறு என்று நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இரண்டாவது, அன்றைய விசாரணையைக் காணொளி இணைப்பில் பார்த்த நண்பர் ஒருவர் போனில் எடுத்த 40 விநாடி வீடியோ என்னிடம் இருக்கிறது. நீதிபதி அப்படிக் கேட்டதற்கு அதுதான் ஆதாரம். அதை வெளியிடலாமா? மூன்றாவது, இங்கே ஒரு போக்சோ (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம்) வழக்கில் விரைவில் தீர்ப்பு. குழந்தையின் சித்தப்பாவே, "எங்கள் பெயரைப் போட்டே எழுதுங்கள், நியாயம் கிடைக்கட்டும்" என்கிறார். எழுதலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: தம்பி, நோட்டீஸின் நகலையும் இணைத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. 3 பக்கத்தில் இரண்டரைப் பக்கம் நீதிமன்ற அவமதிப்பு. அவதூறு பற்றிக் கடைசியில் ஆறேழு வரிதான். நீங்கள் அந்த இரண்டரைப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த ஆறேழு வரிக்குத்தான் என்று படுகிறது.

அவமதிப்பை முதலில் முடித்துவிடலாம். 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் 4ஆம் பிரிவு, நீதிமன்ற நடவடிக்கைகளை நியாயமாகவும் துல்லியமாகவும் செய்தியாக்குவது அவமதிப்பு ஆகாது என்கிறது. உங்கள் கார்டு துல்லியமானது இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அதனாலேயே அது அவமதிப்பு ஆகிவிடுமா என்றால், ஆகாது. நீதிமன்றத்தை இழிவுபடுத்தியது, வழக்கின் போக்கில் குறுக்கிட்டது, நீதி வழங்குவதற்கு இடையூறு செய்தது என்று ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும். அப்புறம், குற்றவியல் அவமதிப்புக்காகத் தனி நபர் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால், 15ஆம் பிரிவின்படி அரசுத் தலைமை வழக்கறிஞரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஊர்க் கண்மாய்க் கார்டு ஒன்றுக்காக, அதுவும் தானே திருத்தம் போட்டுவிடும் ஒருவரைத் தேடி வருவது அபூர்வம். வந்தாலும் அதிகபட்சம் 6 மாத வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மனதார மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடலாம் என்று 12ஆம் பிரிவிலேயே இருக்கிறது. சம்மன் கையில் வந்த பிறகு கேட்கும் மன்னிப்புக்கு மதிப்புக் குறைவு. அதனால்தான் இப்போதே திருத்தச் சொல்கிறேன்.

அவதூறு அப்படி இல்லை. அந்தக் கடை கண்மாய்ப் புறம்போக்கில் நிற்கிறதா, பட்டா நிலத்தில் நிற்கிறதா என்பதுதான் வழக்கே. நீதிமன்றம் அதற்குள் இன்னும் போகவில்லை. நீங்கள் ஒருவரின் முகத்தைப் போட்டு, பெயரைப் போட்டு, முடிவையும் சொல்லிவிட்டீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்த அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவாக வந்திருக்கிறது. நீதிமன்ற நடவடிக்கை பற்றிய, சாராம்சத்தில் உண்மையான செய்தி அவதூறு ஆகாது என்ற பழைய விதிவிலக்கு அதிலும் அப்படியே இருக்கிறது. "சாராம்சத்தில்" என்பது நிருபருக்குச் சட்டம் விட்டுவைத்த மூச்சுவிடும் இடம். வாய்தா தேதி ஒன்று பிசகினாலோ இனிஷியல் மாறினாலோ கழுத்தைப் பிடிக்காது. இடிக்கச் சொல்லாத நீதிமன்றம் இடிக்கச் சொன்னது என்று போட்டால், அந்த இடத்தில் நின்று மூச்சுவிட முடியாது. "ஆக்கிரமித்திருப்பதாக மனுதாரர் கூறும் கடைகள்" என்று எழுதியிருந்தால் நோட்டீஸில் அந்த ஆறேழு வரியே இருந்திருக்காது. படம் எதற்கு என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை. கண்மாயின் படத்தைப் போட்டிருக்கலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பழைய கார்டைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு இருந்துவிடாதீர்கள். அதன் ஸ்கிரீன்ஷாட் எதிர்த்தரப்பிடம் பத்திரமாக இருக்கும். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இப்படி ஒரு கார்டு போடுங்கள்: "கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்கில் கடைகளை இடிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதாக இன்ன தேதியில் வெளியிட்டோம். அது தவறு. எதிர்மனுதாரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பவும், 3 வாரத்தில் பதில் மனு தாக்கல் செய்யவும் மட்டுமே நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைகள் ஆக்கிரமிப்பா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஒருவரை ஆக்கிரமிப்பாளர் என்று குறிப்பிட்டதற்கு வருந்துகிறோம்." கடைக்காரரின் பெயரைத் திருத்தத்தில் மறுபடி போட வேண்டாம். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்ற வாலையும் ஒட்ட வேண்டாம்; எந்த வக்கீலும் முதலில் பிடித்து இழுப்பது அந்த வாலைத்தான். முதல் கார்டு எந்தெந்த வாட்ஸ்அப் குழுக்களுக்கு உங்கள் கையால் போனதோ அங்கெல்லாம் திருத்தமும் போகட்டும். பிறகு உங்கள் ஊர் வக்கீல் ஒருவரைப் பார்த்து நோட்டீஸுக்குச் சுருக்கமாகப் பதில் அனுப்புங்கள். திருத்திவிட்டோம், நகல் இணைப்பில், அவமதிப்பு என்ற குற்றச்சாட்டை மறுக்கிறோம். இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய வீரவசனத்தை அதில் எழுதிவிடாதீர்கள்.

சரி, நோட்டீஸில் ஒரு வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. "நீதிபதிகள் வாய்மொழியாகச் சொல்பவற்றை வெளியிட ஊடகங்களுக்கு உரிமை இல்லை" என்கிறார் அந்த வக்கீல். இதே வாதத்தோடு தேர்தல் ஆணையமே உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பிவந்தது அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது.

2021 சட்டமன்றத் தேர்தல். கரூர் தொகுதியில் 77 வேட்பாளர்கள். இத்தனை பேரின் முகவர்களும் வாக்கு எண்ணும் அறைக்குள் நெருக்கியடித்தால் கொரோனா என்ன ஆகும் என்று, அந்தத் தொகுதி வேட்பாளரும் அப்போதைய போக்குவரத்துத் துறை அமைச்சருமான எம்.ஆர்.விஜயபாஸ்கர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஏப்ரல் 26 அன்று தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி தலைமையிலான அமர்வு, இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, அதிகாரிகள் மீது கொலைக் குற்றச்சாட்டே சுமத்தலாம் என்கிற அளவுக்கு வாய்மொழியாகக் கடிந்துகொண்டது. சில நிமிடத்தில் நாடு முழுக்கச் செய்தி. ஆனால் அன்றைய உத்தரவை எடுத்துப் படித்தால் அதில் கொலை கிடையாது. சுகாதாரத் துறைச் செயலாளரைக் கலந்துகொண்டு வாக்கு எண்ணிக்கைக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்யுங்கள், 30ஆம் தேதி வந்து சொல்லுங்கள் என்கிற ரீதியில்தான் இருக்கும்.

ஆணையம் இரண்டு விஷயம் கேட்டது. அந்தச் சொற்களை நீக்க வேண்டும். வாய்மொழிக் கருத்துகளை ஊடகங்கள் வெளியிடாமல் தடுக்க வேண்டும். மே 6 அன்று நீதிபதிகள் சந்திரசூட், எம்.ஆர்.ஷா அமர்வு தீர்ப்புச் சொன்னது. உத்தரவிலேயே இல்லாத சொல்லை எங்கிருந்து நீக்குவது என்று முதல் கோரிக்கை போயிற்று. நீதிமன்றத்தில் நடப்பதை, நீதிபதி வாயால் சொல்வதையும் சேர்த்து, செய்தியாக்கும் உரிமை ஊடகத்துக்கு உண்டு என்று இரண்டாவதும் போயிற்று. சமூக ஊடகத்தில் உடனுக்குடன் வரும் பதிவுகளைத் திறந்த நீதிமன்றத்தின் நீட்சியாகவே அந்தத் தீர்ப்பு பார்க்கிறது. கூடவே, உயர் நீதிமன்றத்தின் சொற்கள் கடுமையானவை, உவமை பொருத்தமற்றது, நீதிபதிகள் பேச்சில் நிதானம் காக்க வேண்டும் என்று மேசையின் அந்தப் பக்கத்துக்கும் ஒரு சொல் போயிற்று.

ஆக, "அதிகாரிகள் தூங்கினீர்களா என்று நீதிபதி கேள்வி" என்று நீங்கள் போட்டிருந்தால் உங்களை ஒருவரும் தொட்டிருக்க முடியாது. அது நடந்தது, எல்லோர் முன்னும் நடந்தது, வெளியிட உங்களுக்கு உரிமை உண்டு. கேள்வியை உத்தரவு ஆக்கியதுதான் பிழை.

நீதிபதி ஏன் அப்படிக் கேட்கிறார் என்பது நீதிமன்றத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்தால் பிடிபடும். எதிர்த்தரப்பு மேல்முறையீட்டில் என்ன சொல்லும் என்று சோதிக்கக் கேட்பார். அரசுத் தரப்பு வக்கீலான பிளீடரை உசுப்பி அறிக்கையைச் சீக்கிரம் வாங்கக் கேட்பார். சில நேரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாரோ அந்தப் பக்கத்து வக்கீலைத்தான் அதிகமாகக் குடைவார், வாதத்தில் ஓட்டை இருந்தால் தன் தீர்ப்பிலும் ஓட்டை விழுமே என்று. பார்வையாளர் பெஞ்சில் இருக்கும் கட்சிக்காரர் முகம் சுருங்கி உட்கார்ந்திருப்பார். ஜெயிக்கப் போவது தான்தான் என்று அவருக்குத் தெரியாது. காலையில் இடிக்கச் சொன்னது போலப் பேசிய அமர்வு மதியம் 4 வாரம் அவகாசம் கொடுத்து எழுந்து போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உத்தரவு எப்போது பிறக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. அதுவரை வக்கீல்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த நீதிபதி சுருக்கெழுத்தர் பக்கம் திரும்புவார். குரல் தணியும். வாக்கியம் நீளும். வக்கீல்கள் வாதத்தை நிறுத்திவிட்டு, ஜூனியர்கள் வழக்குக் கட்டின் மேலட்டையில் குறிக்கத் தொடங்குவார்கள். நீதிபதியின் முகத்தை விடுங்கள், சுருக்கெழுத்தரின் கையைப் பாருங்கள். அந்தக் கை ஓடாத நேரத்தில் சொல்லப்பட்டது எல்லாம் கருத்து, கேள்வி, கோபம், நகைச்சுவை. அது ஓடும்போது சொல்லப்படுவது உத்தரவு. அதுகூட கையெழுத்தாகும் முன் ஓரிரு சொல் திருந்தலாம். புரியாவிட்டால் வெளியே வந்து இரு தரப்பு ஜூனியர்களையும் கேளுங்கள். ஒரு தரப்பை மட்டும் கேட்காதீர்கள். மைக்கைப் பார்த்ததும் தோற்றவர்கூட ஜெயித்ததுபோல் பேட்டி கொடுப்பார். இப்போதெல்லாம் சிலர் உள்ளே வாதாடுவதே வெளியே 30 விநாடி ஷார்ட்ஸுக்குத் தோதாக இருக்கிறது.

உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கோட்டு போடும் முன் 4 வருடம் நான் ஒரு மாலைப் பத்திரிகைக்குக் கோர்ட் செய்தி எழுதியவன். மதியம் 2 மணிக்குப் பக்கத்தை மூடிவிடுவார்கள். கோர்ட்டுக்கு எதிரே ஒரு எஸ்டிடி பூத், அதற்கு எங்களில் 5 பேர் போட்டி. ஒருநாள் செஷன்ஸ் கோர்ட்டில் அடிதடி, கொலை முயற்சி வழக்கில் தீர்ப்பு. ஒரு பிரிவுக்கு 7 ஆண்டு, இன்னொன்றுக்கு 5, மூன்றாவதுக்கு 3 என்று நீதிபதி படித்தார். நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டே பூத்துக்கு ஓடினேன். "வாலிபருக்கு 15 ஆண்டு சிறை" என்று மாலையில் வந்துவிட்டது.

நான் ஓடிய பிறகு அவர் படித்த கடைசி வரி, தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்பது. அதாவது மொத்தமே 7 ஆண்டு.

மறுநாள் கோர்ட் வாசல் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பையனின் அம்மா பத்திரிகையை எட்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் வக்கீலின் குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "பதினஞ்சு வருசமாமே சாமி, ஐயா ஏழுன்னுதான சொன்னாக?" குமாஸ்தா எவ்வளவோ சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அச்சில் வந்திருக்கிறதே. வக்கீல் ஆறுதலுக்காகக் குறைத்துச் சொல்கிறார் என்றே அவர் நினைத்தார். எழுதியவன் நான்தான் என்று சொல்லும் தைரியம் எனக்கு அன்று வரவில்லை. 3 நாள் கழித்து உள்பக்கத்தில் ஒரு வரித் திருத்தம் வந்தது. அந்த அம்மா அதைப் பார்த்திருக்க வழியில்லை.

உங்களுக்கு 2 மணி கெடுகூடக் கிடையாது. பக்கத்து சேனல்காரர் போட்டுவிடுவாரே என்ற பயம்தான் கெடு. அதனால்தான் வினைச்சொல்லில் பிடிவாதமாக இருக்கச் சொல்கிறேன். நீதிமன்றச் செய்தி தமிழில் தப்பாவது பெரும்பாலும் அங்கேதான். நோட்டீஸ் என்றால் வந்து பதில் சொல் என்று அழைப்பது; "நோட்டீஸ் அனுப்பி அதிரடி" என்று போடுவதற்கு அதில் அடி ஒன்றும் இல்லை. குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே, வழக்கு நடத்தும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று அனுப்பிவிட்டால் விடுவிப்பு. சாட்சிகளை விசாரித்து முடித்து நிரபராதி என்றால் விடுதலை. இரண்டையும் ஒன்றாகப் போடுகிறோம். ஒத்திவைப்பில் இரண்டு உண்டு: வாய்தா போடுவதும் ஒத்திவைப்பு, வாதம் முடிந்து தீர்ப்பை நிறுத்திவைப்பதும் ஒத்திவைப்பு. எது என்று சொல்லாமல் விட்டால் படிப்பவர் என்ன செய்வார்? மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனுவை உச்ச நீதிமன்றம் காரணம் சொல்லாமல் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்தால், கீழ்த் தீர்ப்பை "உறுதி செய்தது" என்று நாம் எழுதுகிறோம். தலையிட விரும்பவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

இவை எல்லாவற்றிலும் மோசம், "பரிசீலிக்க உத்தரவு". அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுக்களில் தினமும் வருவது. மனுதாரரின் கோரிக்கையைச் சட்டப்படி பரிசீலித்து 12 வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்று சொல்லி வழக்கை முடித்துவைப்பார்கள். கோரிக்கையை ஏற்கச் சொல்லவில்லை, நிராகரிக்கவும் சொல்லவில்லை. நம் செய்தியில் அது "கோரிக்கையை ஏற்றது ஐகோர்ட்" என்று வரும். ஊரில் வெடி வெடிப்பார்கள். 12 வாரம் கழித்து அதிகாரி நிராகரித்துக் கடிதம் அனுப்பினால், கோர்ட் உத்தரவையே மதிக்கவில்லை என்று நம் வாசலுக்கு வருவார்கள். அவரோ மதித்துத்தான் நிராகரித்திருப்பார். இந்த ஒரு வாக்கியத்தை விளக்கியே என் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு மாதம் போகிறது.

உத்தரவு எழுத்தாக வந்ததும் சரிபார்க்க வழி இருக்கிறது. உயர் நீதிமன்ற இணையதளத்திலும் இகோர்ட்ஸ் செயலியிலும் வழக்கு எண்ணைப் போட்டால் நிலவரம் தெரியும். கீழ் நீதிமன்ற வழக்கு என்றால் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், வழக்கு எந்தக் கோர்ட்டுக்கு மாறினாலும் தேடிப் பிடித்துவிடலாம். உத்தரவைக் கடைசிப் பாராவிலிருந்து படியுங்கள். இதில் நீதிமன்றங்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. காலையில் சொன்ன உத்தரவு இணையத்தில் ஏற நாட்கணக்காகும்போது, நடுவில் இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்தான் நிரப்பும். தில்லியில் நடப்பதை லைவ் லா, பார் அண்ட் பெஞ்ச் போன்ற சட்டச் செய்தித் தளங்கள் வரிக்கு வரி ஆங்கிலத்தில் கொடுத்துவிடுகின்றன. எங்கள் கண்மாய் வழக்கில் என்ன ஆயிற்று என்று கேட்கும் ஊர்க்காரருக்குத் தமிழில் உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? நீங்கள் இதை விட்டுவிடக் கூடாது என்பதும் என் எண்ணம்.

இனி அந்த 40 விநாடி வீடியோ. போடாதீர்கள். காணொளி விசாரணைக்கு உயர் நீதிமன்றம் 2020இல் வகுத்த விதிகள், அனுமதி இல்லாமல் பதிவு செய்வதைத் தடுக்கின்றன. ஸ்வப்னில் திரிபாதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் நேரலைக்குப் பச்சைக்கொடி காட்டியதும், 2022 செப்டம்பரிலிருந்து அரசியல் சாசன அமர்வுகள் நேரலையில் வருவதும், குஜராத், கர்நாடக உயர் நீதிமன்றங்கள் யூடியூபில் ஒளிபரப்புவதும் உண்மைதான். அதெல்லாம் நீதிமன்றம் தானே ஒளிபரப்புவது. அதைக்கூட வெட்டி எடுத்துத் தன் சேனலில் போட நேரலை விதிகள் இடம் கொடுப்பதில்லை. 2024 செப்டம்பரில் கர்நாடக நீதிபதி ஒருவர் பெங்களூருவின் ஒரு பகுதியைப் பாகிஸ்தான் என்று சொன்ன துண்டு வீடியோ பரவியது நினைவிருக்கும். உச்ச நீதிமன்றம் தானாக அதைக் கையில் எடுத்தது, நீதிபதி வருத்தம் தெரிவித்தார், வழக்கு முடிந்தது. அந்த நேரத்திலேயே கர்நாடக உயர் நீதிமன்றம் துண்டுகளை வெட்டிப் போடும் சேனல்களுக்குத் தடை போட்டது. நேரலையை மூடிவிடலாமே என்ற பேச்சு எழுந்தபோது, வெளிச்சத்துக்கு மருந்து இன்னும் அதிக வெளிச்சம்தான் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் விளக்கை ஏற்றும் உரிமை இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

உங்கள் வீடியோவில் வேறொரு சிக்கலும் உண்டு. காணொளி இணைப்பில் யார் யார் இருந்தார்கள் என்று பதிவாகியிருக்கும். எடுத்த நண்பர் ஏதாவது வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவராக இருந்தால் முதலில் போவது அவர் பிழைப்பு. அது ஆதாரம் ஆகாதா என்கிறீர்கள். நீதிபதி கேள்வி கேட்கவில்லை என்று நோட்டீஸில் யாரும் சொல்லவே இல்லையே? மறுக்காத ஒன்றுக்கு ஆதாரம் எதற்கு? பார்த்ததை எழுத்தில் எழுதுங்கள். யார் கேட்டார், யாரைக் கேட்டார், என்ன பதில் வந்தது, கடைசியில் என்ன உத்தரவு என்று எழுத உங்கள் காதும் ஒரு நோட்டும் போதும். நேரில் போகும்போதும் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். குறிப்பெடுக்கப் போனைத்தான் பயன்படுத்துவேன் என்றால், பெஞ்ச் கிளார்க் மூலம் நீதிபதியின் அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். நீதிமன்ற ஊழியரான டவாலி வந்து தோளைத் தட்டிப் போனைப் பிடுங்கிக்கொண்டு போனால், அன்றைய செய்தி நீங்களாகிவிடுவீர்கள்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சின்னது. பெயரைப் போடக் கூடாது. சித்தப்பா சொன்னாலும், பெற்ற தாய் தகப்பனே எழுதிக் கொடுத்தாலும் கூடாது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, இன்னும் அடையாளம் தெரிய வைக்கும் எதையும் ஊடகத்தில் வெளியிடத் தடை விதிக்கிறது. குழந்தையின் நன்மைக்காக அவசியம் என்று தோன்றினால் சிறப்பு நீதிமன்றம் எழுத்தில் அனுமதிக்கலாம், வேறு யாரும் முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உங்களிடம் வேலை பார்க்கும் பையன் போட்டாலும் சேனல் உரிமையாளர் என்ற முறையில் நீங்களும் பொறுப்பு. 1994இல் கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பாக நக்கீரன் பத்திரிகை ஆசிரியர் கோபால் தொடுத்த வழக்கில், நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களின் அடிப்படையில் எழுதத் தடையில்லை என்று பத்திரிகைகளுக்குப் பெரிய கதவைத் திறந்துவிட்ட உச்ச நீதிமன்றமே, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் பெயரை அதற்கு விலக்காக வெளியே நிறுத்தியது.

பெயரை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்கு உறவா என்று பாருங்கள். உறவு என்றால் அவர் பெயரோ ஊரோ உறவுமுறையோ வந்தாலே குழந்தை தெரிந்துவிடும். சின்ன ஊரில் "இன்ன தெருவைச் சேர்ந்த 9 வயது சிறுமி" என்பதே பெயர் சொல்வதுதான். தண்டனை, காலம், இழப்பீடு, காவல்துறை எங்கே சொதப்பியது என்று எழுத நிறைய இருக்கிறது. பதிவுக்குக் கீழே ஊர்க்காரர் யாராவது பெயரை எழுதுவார்கள், அன்றைக்குக் கருத்துப் பெட்டியையே மூடிவிடுங்கள். சித்தப்பாவிடம், அந்தப் பிள்ளைக்கு 10 வருடம் கழித்துப் பெண் பார்க்க வரும்போதும் இந்தப் பதிவு இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். புரிந்துகொள்வார்.

கண்மாய் வழக்கின் அடுத்த வாய்தா எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. 3 வாரம் என்றால் அநேகமாக வரும் வாரமாக இருக்கும். முந்தைய நாள் மாலையே, அன்றைக்கு வரும் வழக்குகளின் பட்டியலான காஸ் லிஸ்டைப் பார்த்து எத்தனையாவது ஐட்டம் என்று குறித்துக்கொண்டு போங்கள். கடைக்காரரின் வக்கீல் அங்கே இருப்பார். திருத்தக் கார்டின் பிரின்ட் ஒன்றை எடுத்துப்போய், அவர் வராண்டாவுக்கு வரும்போது கையில் கொடுத்து, பதில் மனுவில் அவர்கள் தரப்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அதை நீங்கள் இன்னும் போடவே இல்லை.